மருத மரத்தடியில் கற்ற பாடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் "நம் வட்டாரத்துப் பறவைகளும் முதுமரங்களும்" என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் பறவையியல் கற்றவன் அல்லன். தாவரநூல் பயின்றவனும் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரையில் பிறந்து, அக்கரையிலேயே பணியாற்றி, அங்கேயே முதுமை எய்தியவன். ஆதலின் இவ்வுரையில் அறிவியல் விளக்கங்களை மிகுதியாக எதிர்பாராதீர்கள். ஒரு தமிழாசிரியன், தான் ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்காமல் இருந்த ஒன்றைப் பார்க்கத் தொடங்கிய கதையே இது. அதில் கவிஞர்களாகிய உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல்.

எங்கள் ஊருக்குள் நுழையும் சாலையின் ஓரத்தில் ஒரு மருத மரம் நின்றது. நால்வர் கைகோத்தாலும் அணைக்க இயலாத அடிமரம். என் பாட்டனார் இளைஞராக இருந்தபோதே அது பெரிய மரம் என்பது எங்கள் வீட்டு வழக்கு. அம்மரத்தைப் பற்றி நான் மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்று நம் வட்டத்தின் முதலாண்டுக் கவியரங்கத்திலேயே படிக்கப்பட்டது; கைதட்டலும் பெற்றது. வட்டத்தின் இரண்டாம் ஆண்டில் சாலையை அகலப்படுத்தும் பணி வந்தது. மரத்தை வெட்டக் குறியிட்டார்கள். ஊரார் சிலர் ஒரு மனு எழுதி, அதை என் கையில் கொடுத்து, "வாத்தியாரய்யா பேசினால் கேட்பார்கள்" என்று அழைத்துச் சென்றார்கள்.

அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் மரத்தின் தொன்மையைச் சொன்னேன். மருதத் திணையைச் சொன்னேன். நிழலைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அந்த அதிகாரி ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: "சார், அந்த மரத்தில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன? கூடு ஏதாவது இருக்கிறதா?"

"பறவைகள் நிறைய உண்டு" என்றேன்.

"என்ன பறவைகள் சார்?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. காகம் என்றேன், மைனா என்றேன். அதற்கு மேல் நா எழவில்லை. வெட்டும் ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று அவர் உறுதி கூறினார். வணக்கம் சொல்லித் திரும்பினோம். மூன்று வாரத்தில் மரம் விழுந்தது.

மரம் விழுந்த அன்று மாலை அங்கே போய் நின்றேன். ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் அங்கே இருந்தார். அறுபட்ட கிளையொன்றில் இருந்த பொந்தைக் கோலால் தொட்டுக்காட்டி, "வாத்தியாரய்யா, இந்தப் பொந்துல கிளிக்குஞ்சு கெடந்துச்சே, நீங்க பாக்கலியா?" என்று கேட்டார். மேலே இருந்த மற்றொரு பொந்தில் ஆந்தை இரண்டு பல ஆண்டுகளாகக் குடியிருந்ததையும் அவரே சொன்னார். மூன்று கவிதை எழுதிய எனக்குத் தெரியாதது, எழுத்தறியாத அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னோடு அந்த அலுவலகத்துக்கு வந்திருந்தால் அவ்வினாவுக்கு விடை கிடைத்திருக்கும். மரம் பிழைத்திருக்குமா என்பது வேறு. ஆனால் அதன் சார்பில் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டிருக்கும்.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பழக்கம். இன்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

முதுமரம் என்பது யாது?

"ஒன்றுக்குப் பத்து" என்னும் கணக்கு காதுக்கு இனியது. நானும் அன்று அதனை ஓரளவு நம்பினேன். முதுமரத்தடியில் நாள்தோறும் அமரத் தொடங்கிய பின்னரே அக்கணக்கில் உள்ள பிழை விளங்கியது.

முதிர்ந்த மரத்தில் கிளை ஒன்று காற்றில் முறிகிறது. முறிந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது. பூஞ்சை படர்ந்து உள்மரம் மெல்ல மெல்ல உளுத்துப்போகிறது. பல பத்தாண்டுகள் கழிந்து அங்கே ஒரு பொந்து உண்டாகிறது. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை ஆகியவை இத்தகைய பொந்துகளிலேயே முட்டையிடுகின்றன. இவற்றுள் எதுவும் தானாக மரத்தைக் குடையும் ஆற்றல் உடையது அன்று. மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்டுப்போன கிளையைக் குடைந்து வீடு அமைப்பவை. அவை விட்டுச்சென்ற வீட்டில் மற்றவை குடியேறும். ஆகவே நம் கண்ணுக்கு நோயாகத் தோன்றும் பட்ட கிளையும் உளுத்த பொந்துமே பறவைக்கு வீடு. பத்துக் கன்றுகளில் பத்தும் பிழைத்தாலும் அவற்றில் ஒரு பொந்து உண்டாக ஒரு தலைமுறைக்கு மேல் செல்லும். அதுவரை கிளி எங்கே போகும்? மரத்தை எண்ணிக்கையால் ஈடு செய்யலாம். அதன் வயதை எதனால் ஈடு செய்வது?

மருத மரத்தை அறிய விரும்புவோர்க்கு ஒரு சொல். இம்மண்டபத்தில் மருதத் திணையின் உரிப்பொருளைக் கேட்டால் அனைவரும் ஒரே குரலில் "ஊடல்" என்பீர்கள். மருத மரத்தை அடையாளம் காட்டச் சொன்னால் எத்தனை பேர் எழுவீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை; நானும் அமர்ந்தே இருந்தவன்தான். மருதின் பட்டை வழவழப்பானது. வெளிறிய சாம்பல் நிறம் உடையது. செதில் செதிலாக உதிர்வது. இலையும் காம்பும் சேருமிடத்தில் சிறு சுரப்பிகள் இரண்டு இருக்கும். காய்க்கு நீளவாட்டில் ஐந்து சிறகுகள் உண்டு. ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் விரும்பி வளர்வதால் இதற்கு நீர்மருது என்றும் பெயர். வேரால் கரையை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரு நிலத்துக்கே தன் பெயரைத் தந்த மரம், அந்நிலத்தின் புலவர்களுக்கே அறிமுகம் இன்றிப் போனது வருந்தத்தக்கது அன்றோ!

திருப்புடைமருதூர்

மருதத்தைப் பார்க்க வேண்டுமாயின் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீரவநல்லூருக்கு அருகே, கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் உள்ளது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர். மருதினைத் தலமரமாகக் கொண்ட தலங்கள் மூன்று என்பர். வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது. சோழநாட்டுத் திருவிடைமருதூர் இடைமருது. நம் திருப்புடைமருதூர் கடைமருது. இவ்வூர்க் கோபுரத்தின் உட்புறத்தில் உள்ள நாயக்கர் கால ஓவியங்களைக் காணக் கலை ஆர்வலர் பலர் வருகிறார்கள். அவர்களுள் சிலரே ஆற்றங்கரையில் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், தோப்பின் முதுமரங்களில் வண்ண நாரைகளும் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூடு கட்டியிருப்பதைக் காணலாம். தை, மாசி மாதங்களில் காலை வேளையில் அங்கே போய் நின்றால் ஒரு சந்தைக்குள் நிற்பது போன்ற இரைச்சல். குஞ்சுகள் இரை கேட்டு அரற்றும். தாய்ப்பறவை ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் வயல்களிலிருந்தும் மீனை விழுங்கி வந்து கூட்டில் கக்கும். கீழே நிற்பவர் குடை கொண்டு செல்வது நலம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்விடத்துக்கு நாட்டு வரலாற்றில் ஒரு சிறப்பு உண்டு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி "பாதுகாப்புக் காப்பகம்" என்னும் புதிய வகை உருவாயிற்று. மக்கள் வாழும் இடத்திலேயே, மக்களை அகற்றாமல், அவர்களோடு கலந்து பேணுவதற்கு உரிய வகை இது. இவ்வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர். பரப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 2.84 எக்டேர், ஏறத்தாழ 7 ஏக்கர். புலி இல்லை, யானை இல்லை. சில முதுமரங்களும் பறவைகளும் ஓர் ஊரும் மட்டுமே. அந்தப் பறவைகளைத் தம் ஊர்ப் பறவைகளாகக் கருதிக் காத்து, அறிவிப்பை விரும்பி வரவேற்றவர்கள் அவ்வூர் மக்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் வந்தது.

அக்கோயிலில் இறைவன் திருமேனி ஒருபுறம் சாய்ந்திருக்கக் காணலாம். ஆற்றில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிட்ட கருவூர்ச் சித்தர் அங்கிருந்தே கூவி அழைத்தார் என்றும், அவர் குரலைக் கேட்பதற்காக இறைவன் செவி சாய்த்தான் என்றும் ஊர்வழக்கு கூறும். எனக்கு இவ்வழக்கில் ஒரு தனி ஈடுபாடு. பறவை பார்க்கப் போகிறவன் முதலில் கற்க வேண்டியது கண்ணால் பார்ப்பதை அன்று, செவி சாய்ப்பதையே. இலைக்குள் மறைந்திருக்கும் பறவை பத்தில் எட்டு முறை குரலால்தான் தன்னைக் காட்டும்.

கூந்தன்குளம்

நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். 1994இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே அம்மக்கள் பறவைகளுக்கு அடைக்கலம் தந்து வந்தார்கள். குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமின்றி, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தை அவ்வூரார் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட உண்மை. பறவைகள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிடுவதும் உண்டு.

அங்கே ஒரு மார்கழிக் காலையில் வரித்தலை வாத்துகளைக் கண்டேன். வெள்ளைத் தலையின் பின்புறத்தில் கறுப்புப் பட்டை இரண்டு. திபெத்து, மங்கோலியா ஆகிய நாடுகளின் உயர்ந்த ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, நம் நாங்குநேரிக் குளத்துக்கு வந்து தங்கும் பறவை அது. "எங்க ஊருக்கு வருசந்தோறும் வார விருந்தாளி" என்று அருகில் நின்ற உழவர் சொன்னார். எத்தனை எல்லைகளைக் கடந்து வந்த விருந்தாளி! வந்த இடத்தில் குளம் இல்லை என்றால் அது யாரிடம் முறையிடும்?

முன்னோர் பார்த்த பார்வை

இனிக் கவிஞர்களாகிய உங்களோடு சில சொல்.

பறவைகளைப் பார்க்கத் தொடங்கிய பின் சங்க நூல்களை மீண்டும் எடுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாடல்கள் புதியனவாகத் தோன்றின. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாடலை அனைவரும் அறிவீர்கள். தலைவன் தன்னை மணந்த நாளில் வேறு சான்று யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றுதான் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகின் காலுக்குத் தினைத் தாளை உவமையாக்கி, அதன் பசிய நிறத்தையும் கபிலர் குறிக்கிறார். இதனை நான் வகுப்பில் "நயமான உவமை" என்ற அளவில் சொல்லிக் கடந்திருக்கிறேன். வயலோரம் சென்று கொக்கினங்களின் கால்களைப் பார்த்தபோதுதான் அதன் நுட்பம் தெரிந்தது. சின்னக் கொக்கின் கால் கறுப்பு. உண்ணிக்கொக்கின் காலும் கருநிறம் கொண்டதே. பச்சையும் மஞ்சளும் கலந்த கால் மடையானுக்கு உண்டு. நீரோரத்தில் அசையாமல் நெடுநேரம் நிற்பதும் மடையானின் இயல்பு. கபிலர் மடையானைத்தான் கண்டார் என்று நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன். ஆனால் அவர் ஏதோ ஒரு பறவையின் காலைக் குனிந்து பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

சத்திமுத்தப் புலவரின் நாரையைப் பாருங்கள். நம் ஊர்களில் வண்ண நாரையைச் செங்கால் நாரை என்று வழங்குகிறார்கள். அதனால் புலவர் பாடியதும் அதுவே என்று நானும் எண்ணியிருந்தேன். ஆயின் வண்ண நாரையின் அலகு மஞ்சள் நிறம். புலவரோ அலகுக்குப் பவளத்தைச் சொல்கிறார். பிளந்த பனங்கிழங்கின் வடிவைச் சொல்கிறார். அன்றியும் அந்நாரை தென்குமரிக்கு வந்து வடக்கு நோக்கித் திரும்பும் பறவை. வண்ண நாரை இங்கேயே கூடு கட்டி வாழ்வது. செவ்வலகும் செங்காலும் உடையதாய், குளிர்காலத்தில் வந்து வேனிலில் வடக்கே திரும்புவது வெள்ளை நாரை. புலவர் பாடியது இதுவே எனப் பறவை நூல் அறிந்தோர் கருதுவர். வறுமையில் வாடிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், அந்நிலையிலும் அலகின் நிறத்தைத் தவறாமல் சொன்னார். பறவை எத்திசையில் போகும் என்பதையும் அறிந்திருந்தார். அந்த மெய்ம்மையினாலேயே அத்தூது நம் நெஞ்சைத் தொடுகிறது.

மரத்துக்கும் ஒரு சான்று சொல்லலாம். நற்றிணை 172ஆம் பாடலில், தான் விளையாட்டாகப் புதைத்த புன்னைக் காய் முளைத்து மரமாகி நிற்பதையும், அது உனக்குத் தங்கை முறை என்று தாய் சொன்னதையும் கூறி, அம்மரத்தடியில் தலைவனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் ஒரு பெண். ஒரு மரத்தின் வயது தெரியும், நட்ட கை தெரியும், உறவுமுறை தெரியும். இம்மூன்றும் தெரிந்த மரத்தை வெட்ட யாருக்கும் எளிதில் மனம் வராது.

இவர்களை நினைக்கும்போது என் பழைய கவிதை ஒன்றை எண்ணி வெட்கப்படுகிறேன். நம் வட்டக் கவியரங்கம் ஒன்றில் "கருங்குயில் அன்னை கூவுகிறாள், தன் கூட்டுக்குஞ்சைத் தாலாட்டுகிறாள்" என்ற பொருளில் பாடினேன். அதில் மூன்று பிழைகள். கறுப்பாக இருப்பது ஆண்குயில்; பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. நாம் மயங்கிக் கேட்கும் அந்த நெடுங்கூவலும் ஆணின் குரலே. குயிலுக்குக் கூடும் இல்லை, குஞ்சு வளர்க்கும் வழக்கமும் இல்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அன்று அவையில் இருந்த நாற்பது பேரில் ஒருவரும் மறுக்கவில்லை. அந்த அமைதிதான் என்னை இன்று அச்சுறுத்துகிறது. கவிஞனும் பார்க்கவில்லை, கேட்டோரும் பார்க்கவில்லை. இருவருக்கும் இடையே குயில் என்ற சொல் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

நம் மண்ணின் மைந்தர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் திருமகனார் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கை குறித்துத் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் எழுதினார், "மழைக்காலமும் குயிலோசையும்" என்னும் நூல் அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்தளித்த அந்நூல் நம் வட்டத்து நூலகத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் என் படியைத் தந்துவிடுகிறேன்.

ஓர் இலுப்பையும் ஒரு குறிப்பேடும்

மருதை இழந்த பிறகு எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நிற்கும் ஓர் இலுப்பையை நான் தேர்ந்துகொண்டேன். முன்னாளில் கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம் என்பர். வாரம் இருமுறை, விடியலில் ஒரு மணி நேரம், ஒரே இடத்தில் அமர்ந்திருப்பேன். கையில் ஒரு குறிப்பேடு. கழுத்தில் என் மகன் வாங்கித் தந்த இருகண்ணோக்கி. முதல் மாதம் காகமும் மைனாவும்தான் கண்ணில் பட்டன. பறவை இல்லாமல் இல்லை. பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஆடு மேய்க்கும் மூதாட்டியே என் ஆசிரியர் ஆனார். "அந்தா போகுதே, கொண்டலாத்தி", "இது வக்கா, ராத்திரிதான் எரைக்குப் போவும்", "செம்போத்து கத்துது, கேளுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். என் தாயார் வழங்கிய பெயர்கள் சில அவர் நாவிலிருந்து எனக்குத் திரும்பக் கிடைத்தன. அவர் இப்போது இல்லை. என் குறிப்பேட்டின் முதற்பாதி முழுவதும் அவர் குரல் இருக்கிறது.

ஓராண்டு முடிவில் அந்த ஒரு மரத்தில் 19 வகைப் பறவைகளைக் குறித்திருந்தேன். எந்தப் பொந்தில் கிளி, எந்தப் பொந்தில் புள்ளி ஆந்தை என்பதைப் படம் வரைந்து வைத்தேன். பங்குனி, சித்திரையில் இலுப்பை பூக்கும். இரவில் வௌவால்கள் வந்து தேனுண்டு மகரந்தம் பரப்பும். வைகறையில் பூக்கள் நெல் உதிர்வதுபோல் தரையில் உதிரும். பட்ட கொம்பில் அமர்ந்து குக்குறுவான் செம்புக் குடத்தைத் தட்டுவதுபோல் ஓசை எழுப்பும். இவற்றையெல்லாம் நாளும் நேரமும் இட்டு எழுதினேன்.

சென்ற ஆண்டு அவ்வாய்க்கால் கரையைக் கல்கட்டாக மாற்றும் திட்டம் வந்தது. மறுபடியும் ஒரு மனு, மறுபடியும் அலுவலகம். அதே வினாவும் வந்தது. இம்முறை நான் குறிப்பேட்டைத் திறந்து மேசைமீது வைத்தேன். அவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பொந்துகளின் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நேரில் வந்தும் பார்த்தார். கல்கட்டு அம்மரத்தின் வேரைவிட்டுச் சற்று விலகிச் சென்றது. இலுப்பை இன்று நிற்கிறது. என் குறிப்பேட்டால்தான் நின்றது என்று நான் பெருமை கொள்ளமாட்டேன். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கேட்ட வினாவுக்கு விடை சொன்னேன் என்ற நிறைவு எனக்கு உண்டு. மருதத்துக்குச் செய்ய இயலாததை இலுப்பைக்குச் செய்தேன்.

ஒரு வேண்டுகோள்

தாமிரபரணி நீர்நிலைகளில் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தின் முயற்சியில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. மாணவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றோரும் தன்னார்வலர்களாகக் கலந்துகொள்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் சென்றிருக்கிறேன். பெருங்கூட்டமாகப் பறவைகள் இருக்குமிடத்தில் பத்தைக் கண்ணளவில் எடுத்துக்கொண்டு, அதுபோல் எத்தனை பத்து என்று எண்ணுவதை அங்கேதான் கற்றேன். கவிஞர்களுக்கு எண்ணிக்கை எதற்கு என்று கேட்கலாம். "ஆயிரம் ஆயிரம் பறவைகள்" என்று எழுதுவது நமக்கு எளிது. குளத்தங்கரையில் ஒரு காலை முழுவதும் எண்ணி நூற்று இருபது என்று முடித்த பிறகு, அந்த ஆயிரத்தை எழுதக் கை தயங்கும். அத்தயக்கம் கவிதைக்கு நல்லது.

ஆதலின் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்துக்கு என் வேண்டுகோள் இது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதுமரம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோயில் மரமாயினும் சரி, குளக்கரை மரமாயினும் சரி, பள்ளிக்கூடத்து வேம்பாயினும் சரி. வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் அதன் கீழ் அமருங்கள். அங்கே வருவதை, கேட்பதை, பூப்பதை, உதிர்வதை நாளிட்டு எழுதுங்கள். கூட்டுக்கு மிக அருகில் செல்லாதீர்கள், குஞ்சை எடுக்காதீர்கள், ஒளிப்படத்துக்காகக் கிளையை விலக்காதீர்கள். பெயர் தெரியாத பறவையின் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வழங்கும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று மறைந்தால் அதற்குரிய உயிரும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அடுத்த ஆண்டுவிழாவில் கவியரங்கத்துக்கு முன்னதாக ஒரு குறிப்பேட்டரங்கம் நடத்துவோம். ஒவ்வொருவரும் தம் மரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் படிக்கட்டும். கவிதை தானே பின்னால் வரும். வராவிட்டாலும் குறை இல்லை.

ஒரு நாள் உங்களிடமும் யாரேனும் வந்து கேட்கக்கூடும்: "ஐயா, அம்மா, அந்த மரத்தில் என்ன இருக்கிறது?" அன்று உங்களுள் ஒருவரும் என்னைப்போல் வாயடைத்து நிற்கக்கூடாது. அதற்காகவே இந்தக் கதையை இவ்வளவு நேரம் சொன்னேன்.